செவலையின் வயது

1

சேலத்தில் பத்திரிகை நடத்தும் நண்பர் போன வருஷமே கேட்டிருந்தார். அமெரிக்காவின் தொழில் முன்னேற்றத்தைப் பற்றி வாசகர்களுக்கு உபயோகமாக நாலு பக்கம் எழுத வேண்டுமாம். நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தொழில் முன்னேறியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அது என்னை விட்டுவிட்டு முன்னேறியதால், அதன் முதுகை மட்டுமே என்னால் வர்ணிக்க முடியும். ஆகவே ஒரு பந்தாட்டக்காரனைப் பற்றி எழுதுகிறேன். நண்பர் மன்னிக்க வேண்டும்.

யுத்த காலமாகையால், நீங்கள் படிப்பதற்கு முன் இரண்டு தேசத்துத் தணிக்கை அதிகாரிகள் இதைப் படித்திருப்பார்கள். அவர்களுக்கும் என் வணக்கம். ராணுவ ரகசியம் எதுவும் இதில் இல்லை. ஒரே ஒரு ரகசியம் உண்டு. அதனால் ஆபத்து எனக்கு மட்டும்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை டிராமில் பேப்பரைப் பிரித்தேன். யுத்தச் செய்திகளைக் கடந்து, சோப்பு விளம்பரத்துக்குக் கீழே, ஏழு வரி இருந்தது. இந்தச் சிகாகோ நகரின் வடக்கத்திச் சங்கத்தில் ஒரு காலத்தில் ஆடிய பழைய ஆட்டக்காரர் மார்வலியில் இறந்துபோனார். அவருடைய பெயரை எழுதினால் நம்மூர் அச்சுக்கோப்பவருக்கு எழுத்துப் பெட்டியில் பாதி காலியாகிவிடும். செம்பட்டை முடி, பரந்த நெற்றி, குனிந்த நடை. நானும் செங்கோடனும் அவரைச் 'செவலை' என்றே சொல்லிவந்தோம். செவலைக் காளையைத் தெரிந்த உங்களுக்கு அது போதும்.

செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. 'செங்கோடன் பார்த்திருப்பாரா?' என்றுதான் தோன்றியது.

செங்கோடனும் நானும் பேசி ஆறு வருஷமாகிறது. முப்பது லட்சம் பேர் இருக்கும் இந்த ஊரில், எனக்குத் தெரிந்து, நம் ஊர்ப் பேச்சைப் பேசக்கூடியவர் அவர் ஒருவர். அவருக்கு நான் ஒருவன். இருவரும் பேசுவதில்லை என்றால் இந்த நகரத்தில் அந்தப் பேச்சே இல்லை என்று அர்த்தம். சண்டை வந்தது செவலையால்தான். செவலை செத்துப்போனார். நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்ட காரியத்துக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பது நம் பக்கத்து முறை. பேச்சறுந்த பங்காளிகள் எத்தனை பேர் எழவு வீட்டு வாசலில் மறுபடி பேசியிருக்கிறார்கள்! இனி எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்குமானால் அது இதுதான் என்று டிராமில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன். முடிவு செய்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு இரண்டு நிறுத்தம் நடந்தேன்.

2

பேஸ்பால் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். மைதானத்து நடுவில், சிறு மேட்டில் நின்று ஒருவன் பந்தை எறிவான். எதிரே ஒருவன் உருண்டைத் தடியுடன் நிற்பான். பத்துத் தடவையில் மூன்று தடவை சரியாக அடித்தவனை இந்த ஊரில் மகா வீரன் என்கிறார்கள். தவறிப்போன ஏழு தடவையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் கணக்கு வாத்தியாருக்கு இந்த முறை தெரிந்திருந்தால் என் முதுகு தப்பித்திருக்கும். அடித்தவன் நான்கு மூலையையும் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அந்த இடத்துக்கு 'வீடு' என்று பெயர். கடல் கடந்தவன் இதை வைத்து ஒரு தத்துவம் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். என் மகள் அதைப் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதிப் பரிசும் வாங்கிவிட்டாள். எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

அடிப்பவனுக்குப் பின்னால் ஒருவன் குந்தியிருப்பான். பந்தைப் பிடிப்பது அவன் வேலை. அதைவிடப் பெரிய வேலை, தொடைகளுக்கு நடுவே விரல்களை நீட்டி, எந்த மாதிரிப் பந்து போடலாம் என்று எறிபவனுக்குச் சைகை காட்டுவது. ஒரு விரல், இரண்டு விரல், மறுபடி ஒன்று. எதிராளி பார்த்துவிடக் கூடாது. முதல் தடவை அதைக் கண்டபோது எனக்குச் சங்ககிரி அடிவாரத்து மாட்டுச் சந்தையில் நிற்பது போலிருந்தது. அங்கே தரகர் வாங்குபவர் கையைப் பற்றி, மேலே துண்டைப் போட்டு மூடி, அடியில் விரல்களைப் பிடித்து விலை சொல்வார். சுற்றி நூறு பேர் நின்றாலும் இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். இருவர் முகத்திலும் ஒன்றும் இருக்காது.

ஒற்றுமை அதோடு முடியவில்லை. சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதிய ஆட்டக்காரன் அந்தச் சங்கத்துக்கே சொந்தம். வேண்டாதபோது வேறு சங்கத்துக்கு விற்றுவிடுவார்கள். அவன் காலையில் பேப்பரைப் பார்த்துத்தான் தான் விற்கப்பட்டதைத் தெரிந்துகொள்வான். மாட்டுக்காவது கயிறு மாறும்போது தெரிந்துவிடுகிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஒரு கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. கூரையில்லாத மலிவு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நம் பக்கத்து வெயிலைப் பார்த்தவனுக்கு அந்த வெயில் ஒரு சலுகை. பந்தைத் துரத்தி ஓடிய ஒருவன் கடைசி அடியில் தவறவிட்டான். கூட்டம் முழுக்க அவனைத் திட்டிற்று. அத்தனை இரைச்சலுக்கு நடுவில், எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் யாரிடமும் இல்லாமல் தனக்குத்தானே சொன்னது: "பின்னங்கால்ல வாதமிருக்குது. இதைப் புடிச்சு ஓட்டறானுங்க பாரு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அது கேட்காததாகிவிடும் என்று பயமாக இருந்தது. அந்த ஆட்டக்காரன் மறுபடி ஓடினான், மறுபடி அதே குரல். அப்போதுதான் திரும்பினேன். நீலச் சட்டை, தலையில் தொப்பி, தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டேன். "எந்த ஊருங்க?" என்று கேட்க வேண்டிய நான் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன்.

செங்கோடன் திருச்செங்கோட்டுப் பக்கம், மாட்டுத் தரகர் மகன். கப்பலில் கரி தள்ளும் வேலைக்கு ஏறியவர். கப்பலிலிருந்து எப்படி இறங்கினார் என்பதைத் தணிக்கை அதிகாரிகளை உத்தேசித்து எழுதாமல் விடுகிறேன். இங்கே மாட்டுப்பட்டியில் வேலை. ரயிலில் வந்திறங்கும் மாடுகளைப் பட்டியிலிருந்து கசாப்புக் கொட்டகைக் கதவு வரைக்கும் ஓட்டிச் செல்ல வேண்டும். கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு வயதுப் பேச்சு வந்தது. அவருக்கு முப்பத்துநாலு. எனக்கு முப்பத்திரண்டு என்றேன். அவர் என் முகத்தை ஒரு தடவை, கழுத்தை ஒரு தடவை பார்த்தார். "செரிங்கண்ணா" என்றார். நான்தான் இளையவன் என்று மறுபடி விளக்கினேன். "அதனாலென்னுங்கண்ணா" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, நானும் அவரை அண்ணா என்று அழைத்தேன். அன்று முதல் ஒருவரையொருவர் அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்ட இரண்டு பேர் நாங்களாகத்தான் இருப்போம்.

3

ஆறு வருஷம் ஒன்றாக ஆட்டம் பார்த்தோம். சில ஞாயிறுகளில் தெற்குப் பக்கம் போய் நீக்ரோ சங்கங்களின் ஆட்டத்தையும் பார்ப்போம். அவர்களைப் பெரிய சங்கங்களில் சேர்ப்பதில்லை. ஊரில் கிணற்றுக்குச் செய்ததை இவர்கள் பந்துக்குச் செய்கிறார்கள் என்பதால் எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. அதுதான் வெட்கம். அங்கே ஆடிய ஒரு எறிகாரனைப் போல நான் யாரையும் பார்த்ததில்லை. அவன் பெயர் நான் படிக்கும் பேப்பரில் வந்ததில்லை. நாங்கள் போனால் அந்த வரிசையில் யாரும் எங்களை இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். வடக்குப் பக்கத்தில் பார்ப்பார்கள்.

என் மனைவி எலன் நிமோனியாவில் இறந்தபோது மூன்று நாள் எங்கள் அடுப்பில் சமைத்தது செங்கோடன். எலனைப் பற்றி இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னைக் கட்டிக்கொண்டதற்காக இந்த தேசம் அவளுடைய பிரஜா உரிமையைப் பறித்துக்கொண்டது. அப்போது சட்டம் அப்படி. பிற்பாடு சட்டத்தை மாற்றி, விண்ணப்பம் போட்டால் திருப்பித் தருகிறோம் என்றார்கள். போட்டாள், தந்தார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று காரியாலயத்தில் ஒருவர் குறிப்புக் காட்டினார். அவளுக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் பிறந்ததே இந்த ஊரில்தான்.

சரி, சண்டைக்கு வருகிறேன். எலன் இறந்து இரண்டு வருஷம் கழித்து, செவலையை வடக்கத்திச் சங்கம் ஒரு சின்ன ஊர்ச் சங்கத்துக்கு விற்றுவிட்டது. எனக்குக் கோபம். வருஷா வருஷம் வெளியாகும் ஆட்டக்காரர் புஸ்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு என் வீட்டுச் சமையலறையில் செங்கோடனிடம் வாதாடினேன். முப்பத்தாறு வயதுக்காரனை எப்படி விற்கலாம், இன்னும் நாலு வருஷம் ஆடுவானே என்றேன்.

"நாப்பதுக்குக் கம்மியில்லீங்கண்ணா" என்றார் செங்கோடன்.

புஸ்தகத்தில் முப்பத்தாறு என்று போட்டிருக்கிறது என்றேன். நான் அச்சு மை செய்யும் ஆலையில் வேலை செய்பவன். அந்தப் புஸ்தகம் அச்சானதே எங்கள் மையில்தான். நான் கையால் கலக்கிய மை பொய் சொல்லும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

"புஸ்தகம் அவஞ் சொன்னதைப் போட்டிருக்குதுங்க. கழுத்தைப் பாருங்க. குனியறப்ப மொழங்காலு கடைசியாத்தான் மடங்குது. அது கடை சேந்து நாலு வருசமான மாடு." மாட்டுக்கு எட்டுப் பல்லும் முளைத்து முடிந்தால் கடை சேர்ந்தது என்பார்கள். அதற்கு மேல் பல் தேய்வதை வைத்துத்தான் வயது. "மாட்டைக் கேட்டா மாடு சொல்லாது. மனுசனைக் கேட்டாப் பொய் சொல்லுவான். நாமதான் பார்த்துக்கோணும்."

சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்றியபடி என் பக்கம் பார்த்தார். சும்மாதான் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. அப்போது நான் சொன்னேன், நல்ல தெளிவாக, ஒரு எழுத்து விழுங்காமல்:

"பல்லு ராவி விக்கற ஊட்டுல பொறந்தவங்களுக்கு ஊரே பொய்யாத்தான் தெரியும்."

கிழட்டு மாட்டின் பல்லை அரத்தால் ராவி, இளம் மாடென்று சந்தையில் தள்ளிவிடும் தரகர்கள் உண்டு. நல்ல தரகர் முன்னால் அந்த வார்த்தையை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் சந்தை ரத்தம் பார்க்கும். அவருடைய தகப்பனாரை எனக்குத் தெரியாது, கேள்விப்பட்டதும் இல்லை. கைக்குக் கிடைத்த கல்லை எறிந்தேன், அவ்வளவுதான்.

செங்கோடன் டம்ளரைக் குடிக்காமல் மேஜைமேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லா இருங்கண்ணா" என்றார். நம் பக்கத்தில் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'வாரேனுங்க' என்றுதான் சொல்லுவோம். சொல்லாமல் போவது எழவு வீட்டிலிருந்து மட்டும்தான். அவர் வாரேன் என்று சொல்லவில்லை.

4

அதன் பிறகு என் நாட்கள் எப்படிப் போகின்றன என்பது தொழில் முன்னேற்றத்தைவிடச் சுருக்கமான விஷயம். காலையில் டிராம், பகலில் மை, மாலையில் டிராம். ஆலையில் என்னை மிஸ்டர் ராசிபுரம் என்று கூப்பிடுகிறார்கள். வந்த நாளில் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்தை விரித்துச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். நெய்யும் பட்டும் விற்கும் ஒரு முழு ஊரைச் சம்பள உறைமேல் சுமந்துகொண்டிருக்கிறேன்.

மகளுக்கு வள்ளி என்று பெயர் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் அது வேலரி ஆயிற்று. அவளுக்குத் தெரிந்த தமிழ் இரண்டு சொல்: 'சோறு', 'போதும்'. இரண்டையும் சேர்த்து ஒரு வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்பது உண்மைதான். பதினேழு வயது. டெலிபோன் நிலையத்தில் வேலை. மாதக் கடைசியில் இரண்டு சிநேகிதிகளோடு மேற்குக் கரைக்கு, விமானத் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். எனக்குத் தனியாக இருக்குமே என்று கேட்டாள். பழகிவிட்டது என்று பதில் சொன்னேன். என் உச்சரிப்பைத் திருத்தினாள்.

சவரம் செய்யும்போது கண்ணாடியிடம் தமிழ் பேசுவேன். அது எதிர்த்துப் பேசாதது ஒரு சௌகரியம். போன குளிர்காலத்தில் ஒரு நாள் ஒரு சொல் மறந்துபோயிற்று. நுகத்தில் மாட்டின் கழுத்தைச் சேர்த்துக் கட்டும் கயிறு. அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, கழுத்தில் உரசி மழமழப்பானது கைக்குத் தெரிகிறது, பேர் வரவில்லை. இந்த ஊர்ப் பெரிய நூல்நிலையத்தில் சம்ஸ்கிருத அகராதி உண்டு, பாலி அகராதிகூட உண்டு. மாட்டுக் கயிற்றுக்கு ஒன்றுமில்லை. பனியில் செங்கோடன் வீட்டுத் தெரு வரைக்கும் நடந்தேன். ஒரு கயிற்றின் பேரைக் கேட்க ஆறு வருஷத்துக்குப் பிறகு கதவைத் தட்டுவது எப்படி என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். மூன்று தடவை கடிதமும் எழுதினேன். மூன்றும் நல்ல நடையில் அமைந்துவிட்டதால் கிழித்துப் போட்டேன். மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் நடை நன்றாக இருக்கக் கூடாது.

என் வயதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். யுத்தம் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே, அந்நியர் எல்லோரும் தபாலாபீசுக்குப் போய்ப் பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மையைப் பார்த்ததுமே எங்கள் ஆலையினது இல்லை என்று தெரிந்துவிட்டது. விரலிலிருந்து இரண்டு நாள் போகவில்லை. குமாஸ்தா பிறந்த தேதி கேட்டார். என் தாயாரிடம் கேட்டால், ஊரில் பெரியம்மை வந்த வருஷம், ஆடி நோன்பிக்கு முந்தின செவ்வாய் என்பார். அந்தப் படிவத்தில் பெரியம்மைக்கு இடமில்லை. கப்பல் ஏறிய காலத்தில் சாயத் தொழில் படிப்புக்கு இளம் மாணவர்களைத்தான் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, சில வருஷங்களைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தவன் நான். ஒரு காகிதத்தைப் பார்த்து இன்னொரு காகிதம், அதைப் பார்த்து இன்னொன்று. இப்போது காகிதப்படி எனக்கு நாற்பத்துநாலு. எலனுக்கும் அதைத்தான் சொன்னேன். அவள் சாகும்வரை என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்று கூச்சப்பட்டாள். அந்தக் கூச்சத்தைப் போக்க ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை.

ஆட்டக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். இருபத்தாறு வயதுக்காரனை எந்தச் சங்கமும் புதிதாக எடுக்காது. இருபத்திரண்டு என்றால் எடுக்கும். ஆட்டமே தன் பிறப்பைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறது. ஒரு சின்ன ஊரில் ஒரு படைத்தலைவர் ஒரே நாளில் கண்டுபிடித்தார் என்று சொல்லி நாலைந்து வருஷத்துக்கு முன் நூற்றாண்டு விழாக்கூடக் கொண்டாடினார்கள். நூல்நிலையத்தில் தேடினால் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே இங்கிலாந்துப் பிள்ளைகள் ஆடியிருக்கிறார்கள். நான் அதில் குற்றம் காண மாட்டேன். என் பல்லும் ராவியதுதான்.

5

செவலையைக் கிடத்தியிருந்த இடம் வடக்குப் பக்கத்தில் ஒரு சவ அடக்கக்காரரின் கூடம். வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். செங்கோடன் அங்கே இருப்பார், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாசலுக்கு வருவோம், கையைத் தொட்டுக்கொள்வோம், அதோடு தீர்ந்தது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். செங்கோடன் இல்லை. ஒரு மூலையில் நின்று ஒரு மணி நேரம் வாசலைப் பார்த்தேன். வரவில்லை.

பெட்டிக்குள் செவலைக்குக் கோட்டும் கழுத்துப் பட்டையும் போட்டிருந்தார்கள். பதினாறாயிரம் பேர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அடுத்த அறையில் யாரோ கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது கேட்டது. அவருடைய கழுத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பட்டை மறைத்திருந்தது.

கிளம்பும்போது, நம் முறைப்படி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினேன். இந்த நாட்டில் அது பெரிய மரியாதைக் குறைவு. விதவையின் கையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் யாரும் போவதில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் சாவு வீட்டில் என் கால் ராசிபுரத்துக் காலாகத்தான் நடக்கிறது. படியில் இறங்கிவிட்டேன். பின்னால் காலடி கேட்டது. அந்த அம்மாளே ஓடி வந்துவிட்டார். குட்டையான பெண்மணி, அழுது முடித்த முகம். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நின்றேன். என் கையில் அச்சிட்ட ஒரு சின்ன அட்டையைக் கொடுத்தார். ஒரு பக்கம் மாதா படம், மறு பக்கம் இறந்தவர் பேர், பிறந்த தேதி, இறந்த தேதி. வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்களாம்.

முந்தின நாளும் என்னைப் போல ஒருவர் வந்தார் என்றார். நிறத்திலும் என்னைப் போல. வெகு நேரம் நின்றுவிட்டு, அவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். அவரையும் இந்தப் படிவரைக்கும் துரத்த வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் இப்படித்தானா என்று கேட்டார்.

ஆமாம் அம்மா, எங்கள் ஊரில் இப்படித்தான் என்றேன். அது போதுமானதாக அவருக்குப் பட்டது.

டிராம் நிறுத்தத்தில் அட்டையைப் படித்தேன். கழித்துப் பார்த்தேன். புஸ்தகத்தின்படி செவலைக்கு நாற்பத்திரண்டு இருக்க வேண்டும். அட்டையில் நாற்பத்தாறு இருந்தது. செங்கோடன் மலிவு வரிசையில் இருந்தபடி கழுத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கில் ஒரு நாள் பிசகவில்லை. மை நல்ல மை. எங்கள் ஆலையினதுதான்.

6

வீட்டுக்குப் போகாமல் நேரே தெற்கே போகும் டிராமில் ஏறினேன். மாட்டுப்பட்டிக்குப் பின்னால், மர வீடு, இரண்டாம் மாடி. ஐந்து மணி வெயில் படிக்கட்டில் விழுந்திருந்தது. காற்றில் அந்த இடத்துக்குரிய வாடை. கதவைத் தட்டினேன்.

செங்கோடன் திறந்தார். மீசை நரைத்திருந்தது. தோளில் துண்டு. என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். ஆறு வருஷம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு:

"குளிச்சிட்டீங்களா?"

"இல்லீங்க. நேரா வாரேன்."

"அப்ப அங்கயே நில்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது. துக்க வீட்டுக்குப் போனவன் தலைக்கு ஊற்றாமல் இன்னொரு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது சரிதான். சிகாகோவில், பனி இன்னும் உருகி முடியாத பங்குனி மாதத்தில், மாடிப்படியில் நின்றுகொண்டு நான் அதை மறுக்கவில்லை. உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு வாளி வெந்நீரோடு வந்தார். படியில் நின்றிருந்த என்னைப் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, காலில் ஊற்றினார், தலையில் மூன்று சொட்டுத் தெளித்தார். தண்ணீர் படி படியாகக் கீழே இறங்கிப் போயிற்று. கீழ்வீட்டுப் போலந்துக்காரி கதவைத் திறந்து பார்த்து, எங்களைக் கண்டு, மறுபடி மூடிக்கொண்டாள்.

"வாங்க" என்றார் செங்கோடன்.

ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. நான் நினைத்துக்கொண்டு வந்திருந்த பேச்சைத் தொடங்கினேன். நீங்க சொன்னதுதான் சரி, நாற்பதுதான், நான் புஸ்தகத்தை நம்பினேன் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்கய்யன் ராவுனாருங்கண்ணா. நாந்தான் மாட்டு வாயைப் புடிச்சுக்குவேன். பன்னெண்டு வயசுலயிருந்து புடிச்சிருக்கறேன். நீங்க தெரிஞ்சு சொன்னீங்களோ தெரியாமச் சொன்னீங்களோ, நெசத்தைச் சொல்லிப்போட்டீங்க. பொய்யா இருந்திருந்தா அன்னைக்கே உங்களை அடிச்சிருப்பேன். அடிச்சுப்போட்டுக் காப்பியக் குடிச்சிருப்பேன்."

படித்த புஸ்தகங்களில் ஒன்றிலும் இதற்குப் பதில் இல்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டேன்: நுகத்தில் கழுத்தைச் சேர்த்துக் கட்டுகிற கயிற்றுக்கு என்ன பேர்?

"பூட்டாங்கயிறுங்க" என்றார் உடனே. ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அவருக்கும் இந்த ஆறு வருஷத்தில் எந்தச் சொல் மறந்துபோயிற்றோ, அதை யாரிடம் கேட்கலாம் என்று எந்தத் தெரு வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினாரோ.

தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். வள்ளி எப்படி இருக்கிறாள் என்றார், மேற்கே போகிறாள் என்றேன். ஊரில் மழை எப்படி என்று நான் கேட்டேன். கடுதாசி வந்து ஒரு வருஷமாச்சு என்றார். நான் கொண்டுவந்த அட்டை மேஜைமேல் கிடந்தது, அவருடைய அட்டைக்குப் பக்கத்தில். இரண்டிலும் ஒரே மாதா.

செங்கோடன் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என் வலது கையை எடுத்தார். தோளிலிருந்த துண்டை உருவி, இரண்டு கைக்கும் மேலே போட்டு மூடினார். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் முகம் மாட்டுச் சந்தையில் இருப்பது போல ஆகிவிட்டது.

"சொல்லுங்க. எத்தனை?"

எதன் விலை என்று நான் கேட்கவில்லை. எலன் போன பிறகு யாரும் என் கையை இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. துண்டுக்கு அடியில் அவருடைய நாலு விரல்களைச் சேர்த்துப் பிடித்தேன். அது பத்துக் கணக்கு, நாற்பது. விட்டேன். பிறகு கை முழுவதையும் ஒரு தடவை, அதன் மேல் இரண்டு விரலை ஒரு தடவை. நாற்பத்தேழு. இந்த தேசத்தில் எந்தக் காகிதத்துக்கும், மனைவிக்கும், மகளுக்கும் சொல்லாத வயது.

செங்கோடன் கையை விடவில்லை. என் கண்ணைப் பார்க்கவும் இல்லை. சந்தைத் தரகர் சுவரைப் பார்ப்பது போல எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு, என் இரண்டு விரல்களைத் தேடிப் பிடித்து அழுத்தினார். இன்னும் இரண்டு.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"உடுங்க, தம்பி" என்றேன்.